அட்வான்ஸ் கொடுக்க முன் ஒரு கணக்கு

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து கடையைப் பூட்டும் நேரத்தில் ஒரு தம்பி வந்தார். புறக்கோட்டையில் சிறிய புடவைக் கடை வைத்திருப்பவர். பத்து வருடமாக வாடகை வீடு. முகத்தில் ஒரே சந்தோசம்.

"நானா, வெல்லம்பிட்டியில ஒரு வீடு பார்த்திட்டன். ஒன்றரைக் கோடி. கையில இருந்து அறுபது, மிச்சம் தொண்ணூறு வங்கி. மாசம் ஒரு இலட்சத்துக்கு மேல கொஞ்சம்தான். நாளைக்கு அஞ்சு இலட்சம் அட்வான்ஸ் குடுக்கப் போறன். துஆச் செய்யுங்க."

துஆச் செய்கிறேன், ஆனால் அதற்கு முன் ஒரு கணக்குப் பார்ப்போம் என்று சொல்லி அவரை இருத்தினேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இரவு பதினொரு மணி வரை எழுதினோம். அந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் வாசகர்களுக்கும் தருகிறேன். வீடு வாங்க நினைக்கும் ஒவ்வொரு வியாபாரியும் அட்வான்ஸ் கொடுக்க முன் இதை ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை மூன்று தொகைகள். ஒன்று, உறுதி எழுதும் நாளில் கையில் இருக்க வேண்டிய காசு. இரண்டு, மாதத் தவணை. மூன்று, இவை இரண்டையும் எடுத்த பின் கடையில் மிஞ்சும் முதல். நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை மட்டும் பார்க்கிறார்கள். முதலாவதைப் பாதி பார்க்கிறார்கள். மூன்றாவதைப் பார்ப்பதே இல்லை.

உறுதி எழுதும் நாளில்

வீட்டின் விலை ஒன்றரைக் கோடி என்றால் செலவு ஒன்றரைக் கோடி அல்ல. முதலில் வருவது முத்திரைத் தீர்வை. அசையாச் சொத்து கைமாறும்போது அறவிடும் முத்திரைத் தீர்வை மாகாண சபைகளுக்குரிய வருமானம். மேல் மாகாணத்தில் விற்பனை உறுதிக்கு முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு நூற்றுக்கு 3 வீதம், அதற்கு மேற்பட்ட தொகை முழுவதற்கும் நூற்றுக்கு 4 வீதம். இதை மனதிலேயே கணக்கிட ஒரு சுருக்கு வழி உண்டு. முழு விலைக்கும் 4 வீதம் பார்த்து, அதில் ஆயிரம் ரூபாவைக் கழித்துவிடுங்கள். ஒன்றரைக் கோடிக்கு 4 வீதம் 600,000. ஆயிரம் கழித்தால் 599,000 ரூபா. இதைக் கொடுப்பவர் வாங்குபவர். வங்கி இதற்குக் கடன் தராது. கைக்காசாக வேண்டும்.

அடுத்தது நொத்தாரிசின் கட்டணம். இது பேசி முடிவு செய்வது. ஆளுக்கு ஆள் வேறுபடும். கணக்குக்காக நூற்றுக்கு 1 வீதம் என்று வைத்தோம்: 150,000 ரூபா. காணிப் பதிவகத்தில் பதிவேடு தேடுதல், பிரதிகள் எடுத்தல், உறுதியைப் பதிதல், நில அளவையாளரைக் கொண்டு எல்லை பார்த்தல் ஆகியவற்றுக்கு 60,000 ஒதுக்கினோம். வங்கியின் பக்கத்தில் மதிப்பீட்டாளர் கட்டணம், சட்டச் செலவு, பத்திரச் செலவு, தீக் காப்புறுதி, ஆயுள் காப்புறுதி என்று வரிசையாக வரும். இவற்றுக்கு வங்கித் தொகையில் ஒன்றரை வீதம் என்று வைத்தோம்: 135,000. குடியேற முன் பூச்சு, மின்சாரம், குழாய், கூரை வேலைகளுக்கு ஐந்து இலட்சம்.

கூட்டிப் பார்த்தோம். 14 இலட்சத்து 44 ஆயிரம் ரூபா. அறுபது இலட்சம் போதும் என்று வந்தவருக்கு உண்மையில் தேவைப்பட்டது 74 இலட்சத்து 44 ஆயிரம். தம்பியின் சிரிப்பு இந்த இடத்தில் கொஞ்சம் குறைந்தது.

முத்திரைத் தீர்வை சட்டத்தில் உள்ளது. ஏனையவை நாங்கள் மதிப்பாக வைத்தவை. நீங்கள் உங்கள் நொத்தாரிசிடமும் வங்கியிடமும் எழுத்தில் கேட்டு அந்த எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆயுள் காப்புறுதியைத் தனியாகக் கேளுங்கள். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இது சிறிய தொகையல்ல. தரகர் இருந்தால் அவருக்கு யார், எவ்வளவு கொடுப்பது என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தொடர்மாடி வீடு என்றால் சொன்ன விலைக்குள் பெறுமதி சேர் வரி அடங்குமா, மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

மாதத் தவணை

தவணையைக் கணக்கிட வங்கிக்குப் போகத் தேவையில்லை. ஒரு இலட்சம் ரூபாவுக்கு மாதத் தவணை எவ்வளவு என்று தெரிந்தால் போதும். எத்தனை இலட்சமோ அத்தனையால் பெருக்குங்கள். கீழே உள்ளதை வெட்டி எடுத்து மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு இலட்சம் ரூபாவுக்கு மாதத் தவணை (ரூபாவில்):

வருட வீதம் 10 என்றால்: 10 வருடத்துக்கு 1,322, 15 வருடத்துக்கு 1,075, 20 வருடத்துக்கு 965.
வருட வீதம் 12 என்றால்: 10 வருடத்துக்கு 1,435, 15 வருடத்துக்கு 1,200, 20 வருடத்துக்கு 1,101.
வருட வீதம் 14 என்றால்: 10 வருடத்துக்கு 1,553, 15 வருடத்துக்கு 1,332, 20 வருடத்துக்கு 1,244.
வருட வீதம் 18 என்றால்: 10 வருடத்துக்கு 1,802, 15 வருடத்துக்கு 1,610, 20 வருடத்துக்கு 1,543.
வருட வீதம் 24 என்றால்: 10 வருடத்துக்கு 2,205, 15 வருடத்துக்கு 2,058, 20 வருடத்துக்கு 2,017.

தம்பிக்கு வங்கி சொன்னது 12 வீதம், 15 வருடம். தொண்ணூறு இலட்சத்துக்குச் சரியாகக் கணக்கிட்டால் மாதம் 108,015 ரூபா. பதினைந்து வருடத்தில், அதாவது 180 மாதத்தில், கட்டி முடிக்கும் மொத்தம் ஒரு கோடியே 94 இலட்சத்து 42 ஆயிரத்துச் சொச்சம். எடுத்தது தொண்ணூறு இலட்சம், அதற்கு மேலாகக் கொடுப்பது ஒரு கோடியே 4 இலட்சம்.

"இருபது வருசம் ஆக்கினா தவணை குறையும்தானே நானா?" என்றார். குறையும். மாதம் 99,098 ஆகும். மாதத்துக்குக் குறைவது 8,917 ரூபா. ஆனால் மொத்தத்தில் கூடுவது 43 இலட்சத்துக்கும் மேல். மாதத்துக்கு ஒன்பதாயிரத்தைச் சேமிக்க 43 இலட்சம் கொடுப்பதை எந்த வியாபாரியும் கடையில் செய்யமாட்டான். வீட்டு விசயத்தில் மட்டும் செய்கிறோம்.

முதல் மாதத் தவணையை உடைத்துப் பாருங்கள். தொண்ணூறு இலட்சத்துக்கு 12 வீதம் என்றால் ஒரு மாதத்துக்கு 90,000. கட்டிய 108,015 இல் முதலில் கழிவது வெறும் 18,015. ஆரம்ப வருடங்களில் எவ்வளவு கட்டினாலும் முதல் குறையவில்லையே என்று பலர் முறைப்படுவதன் காரணம் இதுதான். வங்கி ஏமாற்றவில்லை. கணக்கின் அமைப்பே அப்படித்தான். ஆகவே இடையில் கைக்குக் காசு வந்தால் ஆரம்ப வருடங்களிலேயே முதலில் ஒரு பகுதியைக் கட்டுவது மிக இலாபம். அப்படிக் கட்ட அனுமதி உண்டா, அதற்குத் தண்டக் கட்டணம் உண்டா என்று கையொப்பமிட முன் கேளுங்கள்.

வட்டியில்லா முறையைத் தேடுவோருக்கு

நம் வாசகர்களில் பலர் வட்டிக் கடன் எடுக்க விரும்பாதவர்கள். 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தத்துக்குப் பின் இலங்கையில் இஸ்லாமிய வங்கி முறைகளுக்கு இடம் கிடைத்தது. 2011 ஆகஸ்டில் அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வணிக வங்கியாகத் தொடங்கியது. வேறு சில வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. வீட்டுக்கு வழக்கமாகத் தரப்படுவது குறைந்து செல்லும் முஷாரகா. வீட்டை வங்கியும் நீங்களும் பங்காக வாங்குகிறீர்கள். வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே அந்தப் பங்கையும் சிறிது சிறிதாக வாங்கி முடிக்கிறீர்கள். நம் தம்பி கொண்டுவந்த கடதாசியும் இந்த முறையில்தான் இருந்தது. மேலே சொன்ன 90,000 வங்கியின் பங்குக்கான வாடகை, 18,015 அன்று அவர் வாங்கும் பங்கு.

மார்க்கத்தின் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள். நான் கடைக்காரன், கணக்கை மட்டும் சொல்கிறேன். முறை எதுவானாலும் உங்கள் கையிலிருந்து மாதம் போகும் காசு இந்தக் கணக்குக்கு உட்பட்டதுதான். அது ஹலாலான முறை என்பதனால் உங்கள் வருமானத்துக்குத் தாங்கும் என்று பொருளாகாது. நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். உறுதி யார் பெயரில்? வாடகை வீதம் எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை மாறும், எதை அடிப்படையாக வைத்து மாறும்? ஆதன வரி, காப்புறுதி, பெரிய திருத்த வேலை யார் பொறுப்பு? தவணை பிந்தினால் என்ன அறவிடப்படும், அது எங்கே போகும்?

வீதம் ஏறினால்

கடதாசியில் 12 வீதம் என்று இருப்பது பதினைந்து வருடத்துக்கும் 12 என்று எண்ண வேண்டாம். எத்தனை வருடத்துக்கு அது மாறாது என்பதைப் பாருங்கள். அதன்பின் பெரும்பாலும் சந்தை வீதத்தோடு சேர்ந்து ஓடும். வங்கிகள் தமது சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் குறுங்காலக் கடனின் சராசரி வீதம் ஒன்றை மத்திய வங்கி வெளியிடுகிறது. வங்கிக்காரர்கள் அதை ஏ.டபிள்யூ.பி.ஆர். என்பார்கள். உங்கள் கடதாசியில் அந்த எழுத்துக்கள் இருந்தால் உங்கள் தவணை அதனோடு ஏறி இறங்கும்.

எவ்வளவு ஏறும் என்பதை நாம் கண்ணால் கண்டோம். 2021 முடிவில் அந்தச் சராசரி 9 வீதத்துக்கும் குறைவாக இருந்தது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த வருட முடிவில் சராசரி 27 வீதத்தையும் தாண்டியது.

என் நண்பர் ஒருவர், ஹாட்வெயார் வியாபாரி, 2021இல் எண்பது இலட்சம் எடுத்து வீடு வாங்கினார். அப்போது 10.5 வீதம், 15 வருடம், மாதத் தவணை 88 ஆயிரத்துச் சொச்சம். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினார். பின்னர் வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீதம் 24, புதிய தவணை ஒரு இலட்சத்து 61 ஆயிரம். அதே மாதங்களில்தான் சீமெந்தும் கம்பியும் விலை ஏறிக் கட்டட வேலைகள் நின்று போயின. அதாவது வருமானம் விழுந்த அதே நேரத்தில் தவணை கிட்டத்தட்ட இரட்டிப்பாகியது. அவர் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டார். ஆனால் லொறியை விற்றார், கடையின் ஒரு பாதியை வாடகைக்குக் கொடுத்தார். இன்று வரை அந்தப் பாதி அவரிடம் திரும்பவில்லை.

பின்னர் வீதங்கள் இறங்கின. ஆனால் இறங்கும் வரை கடை தாங்குமா என்பதுதான் கேள்வி. ஆகவே எந்த வீதத்தைச் சொன்னாலும் அதற்கு மேல் ஆறு கூட்டி இன்னொரு தடவை கணக்குப் பாருங்கள். தம்பியின் தொண்ணூறு இலட்சத்துக்கு 18 வீதத்தில் மாதம் 144,938 ரூபா. 24 வீதத்தில் 185,244 ரூபா.

தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே பணிப்பாளர் சபையின் தீர்மானத்தைக் கொண்டு ஏலத்தில் விற்கும் அதிகாரம் வங்கிகளுக்கு உண்டு. பராட்டே என்று நாம் சொல்வது இதைத்தான். 2024இல் அது தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது, நிரந்தரமாக அல்ல.

கடையில் மிஞ்சுவது

இப்போது மூன்றாவது தொகைக்கு வருவோம். தம்பியின் கடையில் எல்லாச் செலவும் போக மாதம் சராசரி மூன்றரை இலட்சம் நிற்கும். வீட்டுச் செலவு ஒரு இலட்சத்து 60 ஆயிரம். அதில் 55 ஆயிரம் வீட்டு வாடகை. சொந்த வீட்டுக்குப் போனால் வாடகை மிச்சம். ஆகவே தவணைக்கு 2 இலட்சத்து 45 ஆயிரம் இருக்கிறது, தவணையோ ஒரு இலட்சத்து 8 ஆயிரம். தாராளம் என்றுதான் அவர் நினைத்தார்.

சராசரியை விடுங்கள், கடந்த இரண்டு வருடத்தில் மோசமான மாதங்களின் கணக்கைச் சொல்லுங்கள் என்றேன். நோன்புப் பெருநாளுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் புடவைக் கடை நிரம்பும். அதன் பின்? யோசித்துச் சொன்னார்: சில மாதங்கள் 2 இலட்சத்து 10 ஆயிரத்தோடு நின்றுவிடும். வாடகை மிச்சத்தையும் சேர்த்தால் அந்த மாதங்களில் தவணைக்கு இருப்பது ஒரு இலட்சத்து 5 ஆயிரம். 12 வீதத்திலேயே மூவாயிரம் குறைகிறது. 18 வீதமானால் 40 ஆயிரம் குறைகிறது. 2019 ஏப்ரலுக்குப் பின் நம்மவர்களின் கடைகள் வெறிச்சோடியதும், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கதவே திறக்க முடியாமல் இருந்ததும், 2022இல் பெற்றோல் வரிசையில் நாள் போனதும் நமக்கு மறந்துவிடவில்லை. சம்பளம் எடுப்பவருக்கு மோசமான மாதம் அபூர்வம். வியாபாரிக்கு அது வருடா வருடம் வரும்.

இதைவிடப் பெரிய விசயம் அடுத்தது. அறுபது இலட்சம் எங்கிருந்து என்று கேட்டேன். சேமிப்பு 45 இலட்சம், மிச்சம் 15 கடையிலிருந்து எடுப்பதாகச் சொன்னார். உறுதிச் செலவு 14 இலட்சத்து 44 ஆயிரமும் கடையிலிருந்துதான் வர வேண்டும். மொத்தம் 29 இலட்சத்து 44 ஆயிரம். கடையில் புரளும் முதல் எவ்வளவு? நாற்பது இலட்சம். எடுத்த பின் மிஞ்சுவது பத்தரை இலட்சம்.

தம்பி பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை. மூன்றரை இலட்சம் வருமானம் நாற்பது இலட்சத்துச் சரக்கு உழைத்துத் தந்தது. பத்தரை இலட்சத்துச் சரக்கு அதைத் தராது. இறாக்கை வெறிச்சென்றால் வந்த வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். கைக்காசுக்கு வாங்கிய சரக்கைக் கடனுக்கு வாங்க நேரும், விலை கூடும், காசோலை திகதி துரத்தும். அவர் பழைய கடையின் வருமானத்தை வைத்துத் தவணையைக் கணக்கிட்டார். கட்டப்போவதோ புதிய, மெலிந்த கடையிலிருந்து.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நான் என் வீட்டை வங்கியில்லாமல் வாங்கினேன். கடன் இல்லை என்ற பெருமையில் கடைக் காசு முழுவதையும் வீட்டில் போட்டேன். உறுதிச் செலவுக்கும் கூரைக்கும் சரக்குக் காசிலிருந்தே எடுத்தேன். அந்த வருட நோன்புக்கு என் கடையில் விற்கச் சரக்கு இல்லை. விட்டுப் போன வாடிக்கையாளர்களைத் திருப்பிப் பிடிக்க மூன்று வருடம் சென்றது. வீடு இருந்தது, உழைப்பு இல்லை. வீட்டின் விலை உறுதியில் எழுதப்பட்டதைவிட எவ்வளவு கூட என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

விலையைக் குறைத்து எழுதலாமா?

விற்பவர் உறுதியில் எண்பது இலட்சம் என்று எழுதுவோம், தீர்வை மிச்சம் என்று சொன்னாராம். எழுபது இலட்சத்தை மறைத்தால் மிஞ்சுவது 2 இலட்சத்து 80 ஆயிரம். அதற்காக எழுபது இலட்சத்தை எழுத்தில்லாமல் கொடுப்பதா? நாளை கொடுக்கல் வாங்கல் குழம்பினால் நீங்கள் நிரூபிக்க முடிவது எண்பதை மட்டும். மாகாண இறைவரித் திணைக்களம் சந்தைப் பெறுமதியை மதிப்பிட்டு மீதியைக் கேட்கவும் கூடும். 2018 ஏப்ரல் முதல் காணி வீடு விற்றால் மூலதன இலாபத்துக்கு வரி உண்டு. நீங்கள் பின்னர் விற்கும்போது உங்கள் கொள்விலை எண்பது என்றே கொள்ளப்படும். இல்லாத இலாபத்துக்கும் வரி கட்ட வேண்டி வரும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அது பொய். பொய்யின் மேல் வீட்டைக் கட்ட வேண்டாம்.

யார் பெயரில்?

மகளுக்காக வாங்கும் வீட்டை முதலில் தந்தை தன் பெயரில் எழுதி, கலியாணத்தின்போது நன்கொடை உறுதி மூலம் மகளுக்குக் கொடுப்பது நம்மிடையே வழக்கம். நன்கொடை உறுதிக்கு முதல் ஐம்பதாயிரத்துக்கு 3 வீதமும் மீதிக்கு 2 வீதமும் தீர்வை உண்டு. ஒரு கோடி பெறுமதியான வீட்டுக்கு வாங்கும்போது 399,000, நன்கொடை கொடுக்கும்போது 200,500. இரண்டாவது தடவை நொத்தாரிசுக் கட்டணமும் சேரும். அதுவும் நன்கொடை கொடுக்கும் நாளின் பெறுமதிக்கே கணக்கிடப்படும். மகளுக்குத்தான் என்று முடிவாகியிருந்தால் தொடக்கத்திலேயே அவர் பெயரில் எழுதலாமா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். வங்கிப் பணம் எடுப்பதானால் வங்கியின் சம்மதமும் வேண்டும்.

அட்வான்ஸும் பத்திரங்களும்

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். அரைத் தாளில் முத்திரை ஒட்டி வாங்கும் பற்றுச்சீட்டைக் காட்டி வீட்டை எழுதித் தரும்படி சட்டத்தில் கேட்க முடியாது. ஆகவே உடன்படிக்கையை முறையாக எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்துகொள்ளுங்கள். உரித்துச் சுத்தமாக இல்லாவிட்டாலோ, வங்கி பணம் தர மறுத்தாலோ அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும் என்ற நிபந்தனை அதில் இருக்கட்டும்.

அதற்கு முன் பார்க்க வேண்டியவை: முப்பது வருட உரித்துத் தேடல், நில அளவைப் படம், அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடமும் இணக்கச் சான்றிதழும், வீதிக் கோட்டுச் சான்றிதழ், ஆதன வரி நிலுவை இல்லை என்பதற்கான பற்றுச்சீட்டு. பத்திரத்தில் இல்லாத ஒன்றையும் பாருங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கங்களில் வீடுகள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று அயலவரிடம் கேளுங்கள். தரகர் சொல்லமாட்டார்.

வங்கிக்குப் போகும் வியாபாரிகளுக்கு இன்னொரு வார்த்தை. வங்கி உங்கள் விற்பனையைப் பார்ப்பதில்லை, உங்கள் கடதாசியைப் பார்க்கிறது. வங்கிக் கூற்று, வருடக் கணக்கு, வருமான வரிப் பதிவு ஆகியவை வேண்டும். கிரிப் என்று நாம் சொல்லும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் நீங்கள் பிணை நின்ற கடனும் இருக்கும். வீடு தேடுவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே விற்பனைக் காசை வங்கிக்கூடாகப் புரட்டுங்கள்.

தம்பி என்ன செய்தார்?

அடுத்த நாள் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. விற்பவர் கோபித்துக்கொண்டார், வேறொருவருக்கு விற்றார். அந்தக் கிழமை தம்பி என்னோடும் சரியாகப் பேசவில்லை. பின்னர் பாணந்துறைப் பக்கத்தில் ஒரு கோடிக்கு ஒரு வீடு பார்த்துவிட்டு, இந்த முறை கணக்கைத் தானே எழுதிக்கொண்டு வந்தார்.

விலை ஒரு கோடி. வங்கி அறுபது இலட்சம், கைக்காசு நாற்பது. முத்திரைத் தீர்வை 399,000, நொத்தாரிசு 100,000, தேடுதலும் பதிவும் 60,000, வங்கிச் செலவு 90,000, திருத்த வேலை 300,000. மொத்தக் கைக்காசு 49 இலட்சத்து 49 ஆயிரம். சேமிப்பு 45 இலட்சம். குறைவது நாலரை இலட்சம். அதைக் கடையில் கை வைக்காமல் சில மாதம் பொறுத்துச் சேர்த்துக்கொள்வது என்று முடிவு. தவணை 12 வீதத்தில் 72,010, 18 வீதத்தில் 96,625. மோசமான மாதத்தில் தவணைக்கு இருப்பது ஒரு இலட்சத்து 5 ஆயிரம். இரண்டும் அதற்குள் அடங்குகிறது. கடையில் நாற்பது இலட்சமும் அப்படியே இருக்கிறது.

"தூரம்தான் நானா, காலையில ரெயில்ல வரணும்" என்றார். பரவாயில்லை, கடை திறந்திருக்கும் வரை ரெயிலில் வரலாம் என்றேன்.

வீடு வாங்குவது நல்ல காரியம். பிள்ளைகளுக்கு ஒரு முகவரி வேண்டும். ஆனால் வியாபாரிக்கு வீட்டைத் தருவதும் கடைதான், வீட்டைக் காப்பதும் கடைதான். இந்த மூன்று தொகைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டுக்காரியிடமும் காட்டுங்கள். மோசமான மாதத்தில், ஏறிய வீதத்தில், கடை முதலில் கை வைக்காமல் கணக்கு நின்றால் பிஸ்மி சொல்லி அட்வான்ஸைக் கொடுங்கள். நிற்காவிட்டால் இன்னும் சிறிய வீட்டைப் பாருங்கள், அல்லது இன்னும் ஒரு வருடம் பொறுங்கள்.